கரைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம்

ஜனவரி 18

தம்பிக்கு,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்தபாடில்லை. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. உன் மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அக்கா எப்போதும் புலம்புவாள் என்பாய். உன் நிதியம் கட்டிக்கொடுத்த பள்ளி அருமையான பள்ளி. கூரை ஒழுகவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அடுப்பு. பெண்கள் விடுதியில் வெந்நீர் வருகிறது. மண்ணுக்குள் இருக்கிற செம்பு ஒருநாள் தீர்ந்துவிடும், அதை விற்ற காசை நிதியத்தில் போட்டு அதன் வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தால் அது தீராது என்று நீ ஊர்க்கூட்டத்தில் பேசினாய் அல்லவா, அன்றைக்கு முதலில் கை தட்டியது நான்தான். இந்தத் தலைமையாசிரியை வேலைக்கு வந்ததும் அந்தப் பேச்சை நம்பித்தான். ஊரில் உன் நிதியத்துக்கு உண்டியல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கேலியாக இல்லை, பாசமாகத்தான்.

இப்போது புலம்பல். பள்ளிக்குப் பின்னால் மேட்டில் சேற்று ஏரி இருக்கிறதே, கல்லை அரைத்துச் செம்பை எடுத்தபின் மிச்சமாகிற சேற்றையெல்லாம் சுரங்கக்காரர்கள் கொட்டி வைத்திருக்கிற ஏரி, அதன் மண்கரையை ஒரு வருஷத்துக்குள் இரண்டு தடவை உயர்த்திவிட்டார்கள். நான் வந்த புதிதில் என் அறை ஜன்னலில் பாதி கரை, பாதி வானம் தெரியும். இப்போது வானம் பார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது.

பள்ளியை அங்கே கட்டியது யார் யோசனை என்று உனக்கு நினைவிருக்கும். "நிதியம் கட்டுகிற எதுவும் சுரங்கத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் தோண்டுகிறவனுக்குத் தன் காசு எங்கே போகிறது என்று தெரியும்." நீ எழுதிய விதி. ஊரே மெச்சியது. கரைமேல் நின்றால் எங்கள் விளையாட்டுத் திடல் நன்றாகவே தெரிகிறதாம்.

மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. திடலின் கடைசி மூலையில் தரை ஈரமாக இருக்கிறது. நிறுவனத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாய் கசிவு என்றார். அந்தப் பக்கம் குழாயே கிடையாது. அதற்குள் பேச்சு பரவி, சில பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒன்று கரையை உயர்த்துவதை நிறுத்தச் சொல். இல்லை, பள்ளியை வேறு இடத்துக்கு மாற்று. இரண்டில் ஒன்று உன்னால் முடியும்.

அக்கா

---

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் மேஜைமேல் கிடந்து முறைத்தது உண்மைதான். என் மேலதிகாரி எட்டிப் பார்த்து "வீட்டுல இருந்தா?" என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இங்கே இப்போதெல்லாம் போன் பேச்சைப் பதிவு செய்கிறார்கள், அதனால் நீ எழுதுவதே நல்லது.

கரையைப் பற்றிக் கேட்டேன். போன வருஷம் பரிசோதித்தவர்கள் பத்திரம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். உயர்த்துவதும் அவர்கள் சொன்ன அளவுக்குள்தான். நீ இலக்கியம் படித்தவள், நான் பொருளாதாரம் படித்தவன். மண்ணைப் பற்றி மண் படித்தவன் சொல்வதை நாம் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்பது என்னை உறுத்துகிறது. பள்ளி காலியானால் அடுத்த வருஷம் அதற்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். நம் மாவட்டத்துக்கு உண்டியலில் இருந்து இன்னொரு செங்கல் வராது. யோசித்துப் பார்த்து ஒரு முடிவு செய்திருக்கிறேன். வாலுவை உன்னிடம் அனுப்புகிறேன். அங்கேயே விடுதியில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கட்டும். அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு "உங்க அக்கா இருக்காங்கன்னா சரி" என்றாள்.

என் ஒரே பெண்ணை அனுப்புகிறேன் என்றால் எனக்கு அந்தக் கரைமேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்? இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை.

உன் தம்பி

---

மார்ச் 20

தம்பிக்கு,

வாலு வந்து சேர்ந்தாள். பேர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். வந்த அன்றே விடுதி வார்டனின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வார்டன் மாதிரியே நடந்து காட்டி, வார்டனையே சிரிக்கவைத்துவிட்டாள். வகுப்பில் என்னை "மேடம்" என்கிறாள், வராந்தாவில் "அத்தை" என்கிறாள், பசித்தால் இரண்டும் சேர்த்து "மேடத்தை" என்கிறாள். சுரங்கத்தில் வெடி வைக்கும் மேஸ்திரியின் மகள்கள் இருவரோடு மூன்றாவது பெண்ணாக ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

அவள் வந்ததில் எனக்குச் சந்தோஷம். அவளை நீ எதற்கு அனுப்பினாய் என்பதில்தான் எனக்குத் தீராத கோபம்.

வந்த மறுநாளே நிறுவனத்திலிருந்து போட்டோ எடுக்க ஆள் வந்துவிட்டான். நீ சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்? பள்ளி வாசலில் பையோடு நிற்கிற வாலு இப்போது பேருந்து நிறுத்தத்தில் பெரிய பலகையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "நிதிய அதிகாரியின் மகளும் இங்கே படிக்கிறாள்." கூட்டிக்கொண்டு போன பிள்ளைகளெல்லாம் திரும்பிவிட்டார்கள். புதிதாகவும் சேர்ந்திருக்கிறார்கள். வகுப்பில் பெஞ்சு போதவில்லை. மேஸ்திரி என்னிடம் வந்து, "உங்க தம்பியே பொண்ணை அனுப்பிட்டாரு, இனி நமக்கென்ன டீச்சர்" என்றார். அந்த மனிதர் பேச்சு சுருக்கென்று தைத்தது.

நீ அவளைப் படிக்க அனுப்பவில்லை. ஜாமீனாக அனுப்பியிருக்கிறாய்.

ஈரம் அப்படியே இருக்கிறது. நிறுவனத்து ஆட்கள் வந்து மேலே சரளைக்கல் கொட்டிவிட்டுப் போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். சாயங்காலம் பிள்ளைகள் அங்கே கூட்டமாக நின்று குதிக்கிறார்கள். ஒரு பக்கம் குதித்தால் இன்னொரு பக்கம் தரை மெத்தை மாதிரி எழும்புகிறது. அவர்களுக்கு அது விளையாட்டு. குதிப்பதில் உன் மகள்தான் தலைவி. நான் போய் விரட்டிவிட்டு, வேலி போடச் சொன்னேன்.

அக்கா

---

மே 24

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே வெயில் தாங்கவில்லை. அலுவலகத்தில் வேலை அதிகம். செம்பு விலை விழுந்துவிட்டது என்று செய்தியில் பார்த்திருப்பாய். விலை விழுந்தால் அதே வருமானத்துக்கு இன்னும் நிறையத் தோண்ட வேண்டும். இன்னும் நிறையச் சேறு வரும். உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஜன்னலிலேயே பார்ப்பாய்.

ஒரு சின்ன விஷயம். வாலுவை இங்கே அனுப்பிவிடு. அவள் அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, மகள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று பார்க்கிறாள். படிப்பு பாதியில் நிற்கிறதே என்று யோசிக்காதே, இங்கே ஒரு பள்ளியில் பேசிவிட்டேன். மழை ஆரம்பிப்பதற்குள் அவள் இங்கே வந்துவிட்டால் நல்லது. மழையில் பாதை மோசமாகிவிடும், அதனால் சொல்கிறேன்.

யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். விடுமுறைக்குப் போகிறாள் என்று சொன்னால் போதும்.

உன் தம்பி

---

ஜூன் 1

தம்பிக்கு,

உன் பெண்டாட்டிக்குப் போன் செய்தேன். மாடிப்படி ஏறி இறங்கித் துணி காயப்போட்டுக்கொண்டே மூச்சு வாங்காமல் என்னோடு பேசினாள். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது. என்ன வந்தது, கரையைப் பற்றிப் புதிதாக ஏதாவது அறிக்கையா?

சின்ன வயதில் பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும். இப்போது கடிதம் நீளுகிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

விடுதியில் நூற்றுக்கு மேல் பெண்கள் தூங்குகிறார்கள். அவர்கள் அம்மாக்களுக்கும் உடம்பு சரியில்லை என்று நான் சொல்லட்டுமா? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீ உன் பிள்ளையைக் காட்டி ஊரார் பிள்ளைகளை உள்ளே இழுத்தாய். இப்போது உன் பிள்ளையை மட்டும் பின்வாசல் வழியாகக் கேட்கிறாய்.

அனுப்ப மாட்டேன். உனக்குத் தெரிந்ததை ஊரறிய வாய்விட்டுச் சொல். மறு பேருந்தில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்து அவளும் வருவாள். அதுவரை அவள் இங்கேதான் இருப்பாள், எட்டாம் வகுப்பில், இரண்டாவது பெஞ்சில்.

நேற்று முதல் தூறல் விழுந்தது.

அக்கா

---

ஜூன் 7

அக்கா,

நீ என் பெண்ணை வைத்து என்னை மிரட்டுகிறாய். உன்னிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கேட்டாயே, சொல்கிறேன். நாங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொறியாளர்கள் கரையைக் குடைந்து பார்த்தார்கள். அடியில் உள்ளுக்குள்ளே ஈரம் ஊறியிருக்கிறது. இந்த மழைக்காலத்தில் கரை போகிற வாய்ப்பு நூற்றில் மூன்று என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றுதான் அக்கா. தொண்ணூற்றேழு பங்கு ஒன்றுமே ஆகாது. இது மேலிடத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? மறுநாளே சுரங்கத்தை மூடுவார்கள். அந்த நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் நிதியத்துடையது. நல்ல லாபம் தருகிறது என்று நாங்கள்தான் வாங்கினோம். சுரங்கம் நின்றால் உண்டியலும் விழும். மாவட்ட ஆஸ்பத்திரி, குடிநீர்க் குழாய், எத்தனையோ பிள்ளைகளின் உதவித்தொகை, உன் பள்ளி, எல்லாம் அதில் தொங்குகிறது. பழத்தை மட்டும் பறி, மரத்தைத் தொடாதே, அதாவது வருமானத்தை மட்டும் செலவழி, முதலில் கை வைக்காதே என்பதுதான் எங்கள் கொள்கை. மரத்தையே சுரங்கத்துக்குள் நட்டு வைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. நிதியத்தில் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

மழை முடிந்ததும் கரையைப் பலப்படுத்தப் பணம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு மழை தாண்டினால் போதும்.

மூன்று என்பது காகிதத்தில் சின்ன எண். அங்கே வாலு தூங்குகிறாள் என்று நினைத்தால் அது வேறு எண்ணாகிவிடுகிறது. நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. அவள் என் ஒரே குழந்தை. காலில் விழுகிறேன், அனுப்பிவிடு.

தம்பி

---

ஜூன் 15

தம்பிக்கு,

வாலுவை நேற்றுக் காலைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். இந்நேரம் உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள்.

உன் மேல் இரக்கப்பட்டு அனுப்பவில்லை. முந்தின நாள் மழையில் அவள் வராந்தாவில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, அது உடைஞ்சா நாம ஓடுறதுக்கு நேரம் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். உன்னைத் தண்டிப்பதற்காக ஒரு குழந்தையிடம் இப்படிப் பொய் சொல்லி அங்கே தூங்கவைத்தால் உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்த வெட்கத்தில் அனுப்பினேன். அவள் பேருந்துப் படியில் நின்றுகொண்டு "மத்தவங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

ஊரிடம் நானே சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. உன்னைச் சிறையில் தள்ளிவிடுவேனோ என்று தயங்கினேன். தயங்கியே இருக்கத் தேவையில்லை.

அந்தப் பேருந்து நிறுத்தத்தில்தான் அவள் படம் போட்ட பலகை இருக்கிறது. அதற்கு நேர் கீழே பெட்டியோடு நின்று அவள் ஏறினாள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். நான் பள்ளிக்குத் திரும்பி முதல் வகுப்பு முடிப்பதற்குள் மேஸ்திரி வாசலில் நின்றார். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். "எம் பொண்ணுங்களை அனுப்புங்க டீச்சர்." ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் கேட் வரைக்கும் ஆட்கள். மத்தியானத்துக்குள் விடுதி காலி. சாயங்காலம் கரைக்குக் கீழே இருக்கிற வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு அணைந்துகொண்டு வந்தது. சுரங்கத்தில் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆளே போகவில்லை.

நிறுவனத்து மேலாளர் என் அறைக்கு வந்து மேஜையைத் தட்டி, "யார் அறிவிச்சது?" என்று கத்தினார். யாருமே அறிவிக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை. நீ உன் மகளைக் கூப்பிட்டுக்கொண்டாய், ஊர் அதைப் படித்துக்கொண்டது.

நான் மேட்டுத் தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 3

அக்கா,

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை, நூற்றில் மூன்று, ஈரம், எல்லாம். வாலுவைக் கூப்பிடும் முன்பே சொல்லியிருந்தால் என் பேச்சைக் கேட்டிருப்பார்கள். என் மேலதிகாரி மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்க பொண்ணை மட்டும் கூப்பிட்டுக்கிட்டு, இப்ப ஊருக்காகப் பேச வந்துட்டீங்களா?" ஊரைப் பயமுறுத்திச் சுரங்கத்தை நிறுத்தினேன் என்று எழுதிக்கொண்டார்கள். அறிக்கையின் மேல் "கருத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

பத்திரிகைக்காரர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவரும் அதையேதான் கேட்டார்.

வாலு என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறையில் போய்ச் சாப்பிடுகிறாள். மேஸ்திரி மகள்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அம்மாவிடம்தான் கேட்கிறாள்.

அங்கே இடைவிடாத மழை என்று செய்தியில் சொல்கிறார்கள். கரை எப்படி இருக்கிறது? ஒன்று சொல்கிறேன், என்னைத் திட்டாதே. கீழே யாருமே இல்லாத இந்த நேரத்திலேயே அது உடைந்து தொலையட்டும் என்று சில சமயம் நினைக்கிறேன். உடனே பதில் எழுது.

தம்பி

---

அக்டோபர் 29

தம்பிக்கு,

உடையவில்லை.

அப்படி ஒரு மழையை நான் என் வயதில் பார்த்ததில்லை. தினமும் மேட்டுத் தெருவில் நின்று பார்த்தேன். இப்போதே உடைந்து தொலையட்டும் என்ற உன் நினைப்பு எனக்கும் வந்தது, உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மழை விட்டது. வெயில் வந்தது. கரை அப்படியே நிற்கிறது, மேலே புல்கூட முளைத்துவிட்டது.

முதலில் ஆண்கள் மட்டும் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். பிறகு கடைகள் திறந்தன. பிறகு வீடுகளில் விளக்கு எரிந்தது. நாலு மாதம் கூலி இல்லாமல் சொந்தக்காரர் வீடுகளில் முகம் சுளிக்கச் சுளிக்கச் சாப்பிட்டவர்கள். அவர்களை நான் என்ன சொல்ல முடியும்? மேஸ்திரி வந்து நின்று, "கரை நின்னுடுச்சே டீச்சர். உங்க தம்பியை நம்பி எங்க பொழப்புதான் போச்சு" என்றார். உன்னை நம்பி வந்ததும் அவர்தான், உன்னை நம்பிப் போனதும் அவர்தான். நூற்றில் மூன்று என்று நான் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். "பூமிக்குள்ள தினமும் அதைவிடப் பெரிய ஆபத்துலதான் இறங்குறோம்" என்றார். அவர் இறங்குகிறார், சரி. பிள்ளைகள்?

நீ கேட்ட பலப்படுத்தும் பணம் வரவில்லை. கரை நின்றுவிட்டதால் தேவையில்லை என்று எழுதிவிட்டார்களாம். செம்பு விலை ஏறிவிட்டது. அதனால் மறுபடியும் உயர்த்துகிறார்கள், காலையிலிருந்து லாரி ஓடுகிறது. உண்டியலில் இருந்து விடுதிக்கு இன்னொரு மாடி கட்டித் தரப்போகிறார்கள், நீடித்த வளர்ச்சி என்று வாசலில் பலகை வைத்தாயிற்று. ஈரம் சரளைக்கல்லைத் தாண்டி விடுதிச் சமையலறைச் சுவர் வரைக்கும் வந்திருக்கிறது. காட்டினேன். சுண்ணாம்பு அடித்தார்கள்.

பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது. சேர வந்த கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். மேஸ்திரியின் மகள்கள் இருவரும் வந்துவிட்டார்கள், வாலு எப்போது வருவாள் என்று கேட்கிறார்கள்.

நான் வேலையை விட்டுக் கிளம்பினால் ஊர் கிளம்புமா என்று யோசித்துப் பார்த்தேன். கிளம்பாது. தம்பிக்கு வேலை போனதில் மனசு விட்டுப் போகிறாள் என்பார்கள். அதனால் இருக்கிறேன். பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போய் உட்கார்வது? விடுதியில் எனக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள், இனி ராத்திரியும் அங்கேதான்.

உனக்கு ஒன்று புரிகிறதா? போன தடவை நீ உன் மகளைக் கூப்பிட்டாய், ஊர் கிளம்பியது. அடுத்த மழைக்கு இந்த ஊரைக் கிளப்ப வேண்டுமானால், திருப்பிக் கூப்பிட நம்மிடம் இன்னொரு குழந்தை இல்லை.

அக்கா